இன்று துவர்க்கும் ஒயின் 20 ஆண்டுகளில் கனியுமா? போர்தோ பாட்டிலைக் கணிப்பது எப்படி?

பிரான்ஸின் போர்தோ பகுதியிலிருந்து புதிதாக வந்த விலை உயர்ந்த ரெட் ஒயின். ஆசையாகத் திறந்து ஒரு வாய் குடித்தவர் முகம் சுளிக்கிறார். பிஞ்சு நாவற்பழத்தைக் கடித்த மாதிரி நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கின்றன. 'இதுக்குப் போயா இவ்வளவு காசு?' என்று தோன்றும்.

ஆனால் இதே பாட்டிலை 15, 20 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் திறந்தால் காசு வீண். ரொம்பத் தாமதித்தால் ஒயினே வீண். அப்படியென்றால் எதை எடுத்துவைப்பது, எப்போது திறப்பது?

ஏன் இத்தனை துவர்ப்பு?

காரணம் டானின். திராட்சையின் தோல், விதை, ஒயின் ஊறும் ஓக் மரப் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வருவது. கடுந்தேநீரிலும் பாக்கிலும் நாம் உணரும் துவர்ப்பும் இந்த வகைதான். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அதைத்தான் 'நாக்கு இழுக்குது' என்கிறோம்.

போர்தோ ரெட் பெரும்பாலும் ஒரே திராட்சையில் செய்யப்படுவதில்லை. கேபர்னே சாவின்யோன் தடித்த தோலும் சிறிய பழமும் கொண்டது. டானினும் நிறமும் புளிப்பும் தருவது. மெர்லோ சதைப்பற்றானது, மென்மையானது. நறுமணத்துக்குக் கேபர்னே ஃபிராங்க், சில இடங்களில் கொஞ்சம் பெத்தி வெர்தோ சேர்ப்பார்கள்.

இந்தக் கலவை ஒருவிதக் காப்பீடும்கூட. மெர்லோ முன்னதாகப் பழுக்கும். கேபர்னே சாவின்யோன் பின்னால் பழுக்கும். பருவம் தவறிய உறைபனியோ மழையோ ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று தப்பிக்கலாம். ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையில், மெடோக்கின் சரளைக்கல் மண்ணில் கேபர்னேதான் ராஜா. வலது கரைப் பக்கம் பொமெரோல், சாந்த் எமிலியோன் பகுதிகளில் மெர்லோவின் கை ஓங்கியிருக்கும்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

பாட்டிலில் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜனும், கார்க் வழியாக மிக மெதுவாக நுழைவதும் வேலையைத் தொடங்கிவைக்கின்றன. டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிகிறது. துவர்ப்பு இளகுகிறது. ஊதா நிறம் மெல்ல மங்கிச் செங்கல் நிறமாகிறது. கருந்திராட்சை வகைப் பழங்களின் வாசம் பின்வாங்கி, புகையிலை, தோல், மழையில் நனைந்த சருகு போன்ற வாசங்கள் எழுகின்றன.

துவர்த்தால் போதுமா?

போதாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு அறுவடைகளைப் பாருங்கள்.

1975ஆம் ஆண்டின் போர்தோ ஒயின்கள் இளமையில் கடுமையாகத் துவர்த்தன. நீண்ட காலம் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் பல பாட்டில்களில் துவர்ப்பு இளகுவதற்குள் பழச்சுவை வற்றிவிட்டது. காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் துவர்ப்பு.

1982 இதற்கு நேர்மாறு. இளமையிலேயே பழச்சுவை ததும்பியது. 'இவ்வளவு மென்மையானது தாங்காது' என்று சிலர் சந்தேகப்பட்டனர். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தொடக்கத்திலேயே அதைத் தூக்கிப் பிடித்தார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். அந்த ஆண்டின் சிறந்த ஒயின்கள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன.

விஷயம் இதுதான்: காலம் துவர்ப்பைக் குறைக்கும், இல்லாத பழச்சுவையைக் கொண்டுவந்து சேர்க்காது. துவர்ப்பு, புளிப்பு, பழம் மூன்றும் முதல் நாளே சரிசமமாக இருக்க வேண்டும்.

இளம் ஒயினைச் சுவைத்துக் கணிப்பது எப்படி?

* நிறம்: வெள்ளைத்தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். இளம் ஒயினின் விளிம்பு ஊதாவாக இருக்கும். இப்போதே பழுப்பு தட்டியிருந்தால் வயசு முந்திக்கொண்டது என்று அர்த்தம்.
* வாசம்: கிளாஸைச் சுழற்றி முகருங்கள். வாசமே வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். இளம் போர்தோ சில காலம் 'வாயை மூடிக்கொண்டு' இருப்பது சகஜம்.
* துவர்ப்பு: அளவைவிடத் தன்மை முக்கியம். நுண்ணிய மாவு போல வாய் முழுக்கப் பரவினால் நல்லது. காயின் கசப்போடு சுரண்டினால் சந்தேகம்தான்.
* நீளம்: விழுங்கிய பின்போ துப்பிய பின்போ பழச்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது? துவர்ப்பையும் தாண்டி அது நின்றால் நல்ல அறிகுறி.
* மறுநாள் சோதனை: பாதி பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் சுவையுங்கள். இன்னும் நன்றாக இருந்தால் அதற்குத் தெம்பு இருக்கிறது. சப்பென்று ஆகிவிட்டால் எடுத்துவைப்பதில் பலன் குறைவு.

எப்படிப் பாதுகாப்பது?

12 முதல் 14 டிகிரி செல்சியஸ், சுமார் 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அசைவின்மை ஆகியவைதான் நிலவறையின் இலக்கணம். வெப்பம் ஏறி இறங்குவதுதான் பெரிய எதிரி. கார்க் காய்ந்துவிடாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குச் சரி, ஆண்டுக்கணக்கில் சரிவராது. அரை பாட்டில் சீக்கிரம் முதிரும். இரு மடங்கு கொள்ளும் மேக்னம் பாட்டில் மெதுவாக முதிரும்.

எப்போது திறப்பது?

ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு நாள் குறிப்பது லாட்டரி மாதிரி. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒரே ஒயினில் 6 பாட்டில் வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒன்று வீதம் திறந்து, தேதி போட்டுக் குறித்துவைப்பது அனுபவசாலிகளின் வழி. இரண்டாவது பாட்டிலே பிடித்துப்போனால் மிச்சத்தைக் காக்கவைக்க வேண்டிய கட்டாயமில்லை.

இளசாகவே திறப்பதென்றால் ஓரிரு மணி நேரம் முன்பே டிகேன்டர் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடலாம். முதிர்ந்த பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும்.

இன்னொன்று: உலகில் விற்கும் பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. அவற்றைப் பத்து வருஷம் பூட்டிவைத்தால் கிடைப்பது பழைய ஒயின், அவ்வளவுதான்.

(மது எந்த அளவிலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்துள்ளது. இக்கட்டுரை தகவலுக்காக மட்டுமே.)