பாம்புச் சந்தையில் கேட்க வேண்டிய கேள்வி

நாய்க் கண்காட்சி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலர்க் கண்காட்சியை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். பாம்புக் கண்காட்சியைப் பார்த்ததுண்டா? அங்கே பாம்புகளைப் பார்ப்பதோடு நிற்காமல், விலை கொடுத்து வீட்டுக்கே வாங்கிச் செல்லலாம் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய கண்காட்சிகள் அடிக்கடி நடைபெறுகின்றன. ஜெர்மனியின் ஹாம் நகரக் கண்காட்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டேட்டோனா பீச் என்னும் கடற்கரை நகரில் பல ஆண்டுகள் ஆகஸ்டு மாதத்தில் நடந்த கண்காட்சியும் புகழ் பெற்றது. பெரிய மண்டபம், வரிசை வரிசையாக மேசைகள், மேசை நிறையச் சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் காற்றுத் துளைகள். உள்ளே சுருண்டு கிடக்கிறது ஒரு குட்டிப் பாம்பு. டப்பாவின் மேல் பெயரும் விலையும் எழுதிய சீட்டு.

இந்த மேசைகளில் மிகுதியாகக் காணப்படும் பாம்புகளுள் ஒன்று மக்காச்சோளப் பாம்பு. அதை வாங்க வருபவர்களின் கண் முதலில் போவது நிறத்தின் மேல்தான். ஆனால் அந்தக் குட்டி பிழைக்குமா என்பதை நிறம் சொல்லாது. அதை அறிய வேறொரு கேள்வி கேட்க வேண்டும். அது என்ன என்று பார்ப்போம்.

பெயர் வந்த விதம்

மக்காச்சோளப் பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. நச்சுப் பற்கள் இல்லாத பாம்பு இது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்கிறது. செம்மஞ்சள் உடலில் கறுப்பு விளிம்பு கட்டிய செந்நிறத் திட்டுகள் இருக்கும். அடிவயிற்றில் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். பல நிற மணிகள் கொண்ட மக்காச்சோளக் கதிரை இது நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது என்பார்கள். சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்க வந்து கண்ணில் பட்டதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. 1766ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ்.

ஏன் ஆகஸ்டு மாதம்?

இளவேனிலில் இணை சேரும் பெண் பாம்பு, கோடைத் தொடக்கத்தில் பத்து முதல் முப்பது முட்டைகள் வரை இடுகிறது. சுமார் 60 நாட்களில் அவை பொரிகின்றன. ஆகவே ஆகஸ்டு மாதம் வளர்ப்பவர்களிடம் குட்டிகள் குவிந்திருக்கும் காலம். புதிதாகப் பொரித்த குட்டியின் நீளம் ஏறக்குறைய ஒரு சாண். எடை சுமார் 6 கிராம். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் கனம்!

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. முட்டையை விட்டு வெளிவரும்போது குட்டியின் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். முதல் சில நாட்களுக்கு அதுவே அதன் கட்டுச்சோறு. ஒரு வாரம், பத்து நாளில் முதல் தோலை உரிக்கும். அதன் பின்னரே இரை தேடும். சந்தைக்கு வரும் குட்டிகளுள் சில ஒருமுறைகூட இரை தின்னாதவையாக இருக்கலாம். ஆனால் நன்றாகத் தின்னும் குட்டியும் தின்ன மறுக்கும் குட்டியும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் துறுதுறுவென்றுதான் இருக்கும்.

எலியை ஏன் மறுக்கிறது?

எலி தின்னும் பாம்பு எலியை மறுக்குமா என்று கேட்பீர்கள். காட்டில் பெரிய பாம்புகளின் முக்கிய உணவு எலி. குட்டிகள் பெரிதும் பிடிப்பவை சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும்தான். பாம்பு தன் நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை நாக்கு ஏந்தி வந்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குத் தருகிறது. இரை எது, இரையல்லாதது எது என்று குட்டி அறிவது பெரும்பாலும் இந்த வழியில்தான். வளர்ப்பவர் கொடுப்பதோ பிறந்து ஓரிரு நாளே ஆன ரோமமில்லாத எலிக்குஞ்சு. பல குட்டிகள் அதைத் தயங்காமல் விழுங்கிவிடும். சில குட்டிகளுக்கோ அந்த வாசனை இரையின் வாசனையாகவே படாது. அதனால் அனுபவமுள்ளவர்கள் எலிக்குஞ்சின் மேல் பல்லியின் வாசனையைத் தடவிக் கொடுத்துப் பழக்குகிறார்கள். அதற்கும் மசியாத குட்டி, உணவு எதிரே இருக்கும்போதே பட்டினியால் மடிந்துபோகும்.

ஆகவே சந்தையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: "இந்தக் குட்டி இதுவரை எத்தனை முறை தின்றிருக்கிறது?" தானாகவே மூன்று முறையாவது தின்ற குட்டியை வாங்குவது நல்லது. எந்தத் தேதியில் பொரித்தது, எந்தெந்த நாளில் என்ன தின்றது என்று நல்ல வளர்ப்பாளர் குறித்து வைத்திருப்பார். தயங்காமல் காட்டவும் செய்வார்.

அடுத்து உடலைக் கவனிக்க வேண்டும். உடல் உருண்டையாக இருக்கிறதா? முதுகெலும்பு துருத்திக்கொண்டு முக்கோணமாகத் தெரிந்தால் அது மெலிந்த பாம்பு. உடலில் எங்கேனும் கோணலோ முடிச்சோ உண்டா? கண்களைச் சுற்றியும் தாடையின் கீழும் மிளகுத்தூள் போலச் சிறு உண்ணிகள் ஊர்கின்றனவா? கழிவுத்துளை சுத்தமாக இருக்கிறதா? கையில் எடுத்தால் நாக்கை நீட்டி ஆராய்கிறதா? இவற்றை அறிய நுண்நோக்கி தேவையில்லை. பொறுமையாக ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

சீட்டில் எழுதிய மெண்டல்

இனி நிறத்துக்கு வருவோம். செம்மஞ்சள், சாம்பல், வெளிர் ரோஜா என்று ஒரே வகைப் பாம்பு எப்படி இத்தனை நிறங்களில் வருகிறது? பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே விதிகள்தாம் இதற்கும் காரணம்.

கறுப்பு நிறமியான மெலனின் இல்லாத மக்காச்சோளப் பாம்பு, சிவந்த கண்களோடு செம்மஞ்சளாக இருக்கும். இது ஒடுங்கு பண்பு என்பதை பெக்டெல் தம்பதியினர் பாம்புகளை இனக்கலப்புச் செய்து காட்டி 1962இல் வெளியிட்டனர். இதற்குக் காரணமான மரபணுவை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள். இடம் மாறித் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று, ஓ.சி.ஏ.2 என்னும் மரபணுவுக்குள் புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருந்தது. மனிதரில் ஒரு வகை வெண்மை நோய்க்குக் காரணமாவதும் இதே மரபணுவில் ஏற்படும் கோளாறுதான். வியப்பாக இல்லையா?

சிவப்பு நிறமி இல்லாத பாம்பு சாம்பலும் கறுப்புமாக இருக்கும். அதுவும் ஒடுங்கு பண்பே. இவ்விரு வகைகளையும் கலந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறத்தில் பிறக்கும். அவற்றைத் தமக்குள் இணைத்தால், இரண்டாம் தலைமுறையில் சராசரியாகப் பதினாறில் ஒன்றில் இரண்டு நிறமிகளும் இராது. வெளிர் ரோஜாவும் வெள்ளையுமான அதற்குப் பனிப் பாம்பு என்று பெயர். 9:3:3:1 என்று நீங்கள் பாடத்தில் படித்த விகிதம் இதுவே.

சில டப்பாக்களில் "66 சதவீதம்" என்று எழுதியிருக்கும். அது தள்ளுபடி விலை அல்ல! பெற்றோர் இருவரும் ஒரு ஒடுங்கு மரபணுவை மறைவாகச் சுமந்தால், சாதாரண நிறமுள்ள மூன்று குட்டிகளில் இரண்டு அதைச் சுமக்கும் என்று எதிர்பார்க்கலாம். எந்த இரண்டு என்பது கண்ணுக்குத் தெரியாது. வளர்த்து இனப்பெருக்கம் செய்து பார்க்க வேண்டும். அல்லது உரித்த தோலின் டி.என்.ஏ.வைச் சோதிக்க வேண்டும். அதுவரை அந்தச் சீட்டு வெறும் நிகழ்தகவே. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் ஒரு வாய்ப்பைத்தான் வாங்குகிறார்.

வீட்டுக்கு வந்த பின்

வாங்கி வந்த குட்டியை உடனே கையில் எடுத்து விளையாடலாகாது. ஒரு வாரமாவது தனியே விட வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிரி. ஆகவே பெட்டியின் ஒரு முனை சுமார் 29 டிகிரி செல்சியஸ், மறுமுனை அதைவிடக் குளிர்ச்சி என்று இருந்தால்தான், தனக்கு வேண்டிய வெப்பத்தை நகர்ந்து தேடிக்கொள்ள முடியும். ஒளிந்துகொள்ள இடமும் குடிநீரும் தேவை. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் மறுநாள் பெட்டி காலியாகக் கிடக்கும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். நலமாகத் தோன்றும் ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். இக்கிருமி குழந்தைகளைத் தாக்கியதால்தான், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்க அமெரிக்க அரசு 1975இல் தடை விதித்தது.

எங்கும் யாரும் இதை வளர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஃபுளோரிடாவின் அண்டை மாநிலமான ஜார்ஜியாவில், மக்காச்சோளப் பாம்பு சொந்த மண்ணின் காட்டுயிர் என்பதால் அதைச் செல்லப் பிராணியாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. நம் நாட்டிலும் வயல் எலியைத் தின்னும் சாரைப் பாம்பு முதலியவற்றைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சலித்துப்போனால் வெளியே விட்டுவிடலாம் என்பதும் தவறு. தன் தாயகம் அல்லாத கிராண்ட் கேமன் தீவில் மக்காச்சோளப் பாம்பு குடியேறிப் பெருகியிருக்கிறது.

நல்ல கவனிப்பில் இப்பாம்பு 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். பதினான்கு வயதில் ஒரு குட்டியை வாங்கும் மாணவன், பள்ளியும் கல்லூரியும் முடித்து வேலையில் அமர்ந்த பின்னும் அதற்கு இரை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, "எத்தனை முறை தின்றது?" என்று விற்பவரிடம் கேட்பவர், "இருபது ஆண்டுகள் என்னால் கொடுக்க முடியுமா?" என்று தம்மையும் கேட்டுக்கொள்வது நியாயம்தானே?