காற்றை எதிர்த்து, காற்றாலேயே!

பின்னிருந்து வீசும் காற்றைப் பாயில் ஏந்திப் படகு விரைவதை யாவரும் அறிவர். ஆனால், எந்தக் காற்று நம்மைப் பின்னுக்குத் தள்ளுகின்றதோ, அந்தக் காற்றின் வலிமையைக் கொண்டே அதன் முகத்துக்கு நேராக ஒரு வண்டி முன்னேற இயலுமா? பெட்ரோல் இல்லை; டீசல் இல்லை; முன்கூட்டி மின்னேற்றிய பாட்டரியும் இல்லை. இருப்பினும், இயலும் என்று பல நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தம் கையாலேயே வண்டிகளைச் செய்து, ஓட்டியும் காட்டியுள்ளனர்.

நெதர்லாந்து நாட்டின் கால் பங்குக்கு மேற்பட்ட நிலம் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கடலைத் தடுத்து நிறுத்த அம்மக்கள் எழுப்பிய நீண்ட கரைகளே அந்நாட்டின் அரண். அதன் வடமேற்கில் டென் ஹெல்டர் என்னும் துறைமுக நகர் உள்ளது. அங்கே 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு புதுமையான பந்தயம் நடைபெற்றது. கிரேக்கப் புராணக் கதைகளில் காற்றுகளைக் காப்பவனாகக் கூறப்படும் இயோலஸ் என்பவனின் பெயரால் அதனை ‘ரேசிங் இயோலஸ்’ என்று அழைத்தனர்.

பந்தயத்தின் விதிகள் எளியவை, ஆனால் கண்டிப்பானவை. வண்டிக்குச் சக்கரங்கள் இருக்க வேண்டும். ஓட்டுநர் ஒருவர் அமர வேண்டும். பாய்மரம் கூடாது, காற்றாலையைப் போன்ற சுழலி ஒன்றே வண்டியை இயக்க வேண்டும். ஓட்டம் காற்றை எதிர்த்தே நிகழ வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கருவியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடக்கத்தில் அது வெறுமையாக இருத்தல் வேண்டும். அதனை நிரப்பச் செல்லும் நேரமும் பந்தய நேரமாகவே கணக்கிடப்படும். ஆக, வீட்டிலிருந்து மறைத்துக் கொணர்ந்த சக்திக்கு அங்கே இடமில்லை.

அம்முதற் பந்தயத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், கீல், ஃபிளென்ஸ்பர்க் ஆகிய நகரங்களின் மாணவர்களும், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களும் கலந்துகொண்டனர். வாகை சூடியது ஸ்டுட்கார்ட் மாணவர்களின் ‘வென்டோமொபீல்’ என்னும் மூன்று சக்கர வண்டி. சுழலியைத் தாங்கும் தண்டு, எடை குறைந்த கரிம இழையால் ஆனது. சுழலியின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சென்றவை எவை தெரியுமா? சைக்கிளின் இரு பல்சக்கரப் பெட்டிகளும் ஒரு சைக்கிள் சங்கிலியும்தாம்! அடுத்த இரு ஆண்டுகளிலும் ஆம்ஸ்டர்டாம் மாணவர்களின் வண்டி முதற்பரிசைப் பெற்றது. பின்னர், கனடாவின் மொன்றியால் நகர மாணவர்கள் ‘சினூக்’ என்னும் வண்டியுடன் கடல் கடந்து வந்தனர். ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் இறங்கி வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது.

இது எவ்வாறு கூடும்?

காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் எதிரே வீசுகின்றது; வண்டி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் முன்னே செல்கின்றது என்று கொள்வோம். அப்பொழுது சுழலியைத் தாக்கும் காற்றின் வேகம் இரண்டும் சேர்ந்து 12 மீட்டர். சக்கரங்கள் தரையில் கடப்பதோ 4 மீட்டர்தான். வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் விசை இரண்டு கணக்கிலும் ஒன்றே. விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது திறன். எனவே, ஏறக்குறைய 12 பங்கு வரவாகும்போது, அந்தத் தள்ளலை வெல்ல 4 பங்கே செலவாகின்றது. மிச்சத்திலிருந்து சக்கரத்தின் உராய்வும், சங்கிலியின் தேய்மானமும், வண்டியின் மேல் மோதும் காற்றின் தடையும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னும் ஏதேனும் எஞ்சினால் வண்டி விரைவு பெறும்.

வண்டி காற்றின் வேகத்தையே எட்டிவிட்டால், வரவு 16, செலவு 8. அதாவது, வழியில் பாதிக்கு மேல் இழக்காதவர்களே அந்நிலையை அடைவர். மாணவர்களின் இரவுபகல் உழைப்பெல்லாம் இந்தப் பாதியைக் காப்பதற்கே. 2010-களில் அவர்களின் வண்டிகள் அந்த எல்லையையும் தாண்டின.

சுழலியால் மின்னாக்கியைச் சுழற்றி, அம்மின்சாரத்தால் மோட்டாரை இயக்குவதும் ஒரு வழி. கனத்த தண்டுகளும் சங்கிலிகளும் வேண்டா. காற்று மாறுமளவுக்கு வேகத்தையும் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஒவ்வொரு மாற்றத்திலும் வரி உண்டு. மின்னாக்கியில் பத்தில் ஒரு பங்கும், மோட்டாரில் பத்தில் ஒரு பங்கும் இழப்பதாகக் கொண்டால், 100 பங்கு 81 ஆகிவிடும்.

மேலும், மூலதனமே சிறிது. 2 மீட்டர் விட்டமுள்ள சுழலியின் வட்டத்தினூடே நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாயும் காற்றில் 1,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவான திறனே உண்டு. அதிலும் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் பெற இயலாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் கணித்துக் காட்டினார். நின்ற இடத்தில் கிடைப்பது, நம் வீட்டு மிக்சியை ஓட்டும் அளவுதான்! அதைக் கொண்டுதான் ஓர் ஆளையும் வண்டியையும் நகர்த்தத் தொடங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

இதைக் கேட்டதும் சிலர், “அப்படியானால் மின்சாரக் காரின் கூரையில் ஒரு காற்றாடியைப் பொருத்திவிட்டால், ஓட ஓடத் தானே மின்னேறிக்கொள்ளுமே!” என்பர். அவ்வாறு விளம்பரம் செய்வோரும் உளர். இது பெரும் பிழை. காற்று அசையாத நாளில் 8 என்னும் எண் சுழியாகிவிடுகின்றது. சுழலியைத் தாக்குவதும் 4. தரையில் செல்வதும் 4. வரவும் செலவும் சமம், இழப்போ தவறாது. காற்றாடி கொடுப்பதைவிட மிகுதியாகப் பாட்டரியிலிருந்து பறித்துக்கொள்ளும். டென் ஹெல்டர் மாணவர்களை இயக்கியது அவர்களுடைய ஓட்டத்தால் எழுந்த காற்றன்று. கடலிலிருந்து உண்மையாகவே வீசிய காற்று.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ பழைய சைக்கிள் சங்கிலியையும் பழுதான மின்விசிறியின் மோட்டாரையும் கேட்டு வந்தால், “படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாயே” என்று கடிந்துகொள்ளாதீர்கள். கொடுங்கள். அருகில் அமர்ந்து, “இதற்கான சக்தி எங்கிருந்து வருகின்றது? வழியில் எவ்வளவு வீணாகின்றது?” என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். அவற்றுக்கு நேர்மையாக விடை தேடப் பழகிய பிள்ளையை, ‘செலவின்றிச் சக்தி தருவோம்’ என்று வரும் எந்த வணிகனும் பிற்காலத்தில் எளிதில் ஏமாற்ற இயலாது.