வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

போன வாரம் சந்தித்த எலியட் நினைவிருக்கும். மூளைக் கட்டியை அகற்றிய பிறகு அவருடைய அறிவு குறையவில்லை, உணர்ச்சிதான் வற்றிப்போயிருந்தது. அதனாலேயே சின்ன முடிவுக்கும் திணறினார். சரி, ஒரே ஒரு கவலை மனசு முழுக்க உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? அதைத் தேடி ஆய்வாளர்கள் வந்தது நம் விழுப்புரம் பக்கம்.

அரவைப் பருவத்தில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவர்கள், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது வருஷத்தில் ஒரு முறை, மொத்தமாக. கரும்பையும் நினைத்த நாளில் வெட்டிவிட முடியாது. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு முன்னால் வரும், அடுத்த கொல்லைக்காரருக்கு மாதங்கள் தள்ளி வரும். விவசாயியை நோகடிக்கும் இந்த வரிசைதான் ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது. பணம் பார்த்தவரும் பார்க்காதவரும் ஒரே மாதத்தில், ஒரே வட்டாரத்தில் கிடைத்தார்கள். வெயில் மீதோ பொங்கல் செலவு மீதோ பழி போட வழியில்லை.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் நடத்திய ஆய்வு இது. 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்கள், 464 விவசாயிகள். அதே ஆளை வெட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை சோதித்தார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 சதவீதம்.

சோதனைக்குப் படிப்பு தேவையில்லை. விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர் ஒன்று: முன்னால் சராசரியாக 4.35 சரி, பின்னால் 5.45. இன்னொன்றில் ‘5 5 5’ என்று காட்டினால் ‘மூன்று’ என்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். வாய் ‘ஐந்து’ என்றுதான் ஓடும் (நீங்களே சொல்லிப் பாருங்கள்). வெட்டுக்கு முன் 146 வினாடி எடுத்தது, பின்னர் 131 ஆனது. பழகியதால் வந்த முன்னேற்றமோ என்ற சந்தேகத்துக்கு, சிலரை வெட்டுக்குப் பிறகே முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்போதும் இருந்தது. படபடப்பைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மறையவில்லை. அடகுச் சீட்டையும் வட்டியையும் எண்ணிக்கொண்டே இருக்கும் மனசில் மற்றதற்கு இடம் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வாலோ குழுவினர், 2016-இல், அப்படி ஒரு வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். ஆனால் மாதச் சம்பளமும் வருஷக் கரும்பும் ஒன்றா? எனக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை.

கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. ஆனாலும் நிலுவைத் தொகைக்காக மறியல் நடக்காத வருஷம் அபூர்வம். அந்த இழுபறிக்குள்தான் பயிர்க்கடன் புதுப்பிப்பு, மகளின் கல்லூரி விண்ணப்பம், மறுபடி கரும்பா இல்லை மணிலாவா என்ற கேள்வி எல்லாம் வந்து நிற்கின்றன. அங்கே தப்பாகக் கையெழுத்துப் போட்டவரை ‘விவரம் பத்தாத ஆள்’ என்று சொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பின்னர் முல்லைநாதனும் சுப்ரீத் கௌர் உள்ளிட்டோரும் ஒடிசாவில் தையல் இலை தைக்கும் தொழிலாளர்களிடம் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். சிலருக்குக் கூலியில் ஒரு பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. கூலி கூடவில்லை, கிடைத்த நாள்தான் மாறியது. பணம் கைக்கு வந்தவர்கள் அதிக இலை தைத்தார்கள், கவனப் பிசகும் குறைந்தது. அதிலும் ரொம்ப நெருக்கடியில் இருந்தவர்களிடம்தான் மாற்றம் கூடுதல்.

(தொடரும்)