வாடகை அறையும் கண்ணொளியும்

திண்டிவனத்தில் ஆசிரியனாக இருந்த நாளில் விடைத்தாள் திருத்த விழுப்புரம் செல்வேன். ஒருமுறை முகூர்த்த நாளாதலால் விடுதிகளில் இடமில்லை. பகலில் ஒருவர் உறங்கி எழுந்த அறையை இரவில் எனக்கு அளித்தார் விடுதிக்காரர். படுக்கையின் வெம்மைகூடத் தணியவில்லை! அமெரிக்க விடுதி வணிகர் கான்ராட் ஹில்டனின் வரலாற்றைப் பின்னர்ப் படித்தபோது அவ்வறை நினைவுக்கு வந்தது.

1887இல் நியூ மெக்சிகோவில் பிறந்த ஹில்டன், வங்கி ஒன்றை வாங்க 1919இல் டெக்சாஸ் மாநிலத்துச் சிஸ்கோ என்னும் சிற்றூரை அடைந்தார். பேரம் முறிந்தது. இரவு தங்கச் சென்ற மோப்லி விடுதியிலோ எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் நெருக்கம். எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஆள் மாற்றி அறைகளை வாடகைக்கு விட்டனர். வங்கியை மறந்தார், அவ்விடுதியையே வாங்கினார். நாளடைவில் அவர் பெயர் தாங்கிய விடுதிகள் உலகெங்கும் எழுந்தன.

1944இல் அறக்கட்டளை நிறுவினார். 1979இல் மறைந்தபோது செல்வத்தின் பெரும்பகுதியை அதற்கே எழுதிவைத்திருந்தார். மகன் பாரன் வழக்காடினார். 1988இல் சமரசம் ஏற்பட்டது. அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. 2007இல் தம் உடைமையில் 97 விழுக்காட்டை அதே அறக்கட்டளைக்கு அளிப்பதாக அறிவித்தவரும் அவரேயன்றோ!

நேயர்களே, அவ்வறக்கட்டளையின் மனிதநேயப் பரிசாகிய 15 லட்சம் டாலர் 2010இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவ நிறுவனத்திற்குக் கிடைத்தது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனம் அது. கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டே ஏழையருக்கு இலவசச் சிகிச்சையும் அளிப்பது. அதன் புதுச்சேரி மருத்துவமனையில் புரை நீக்கிக்கொண்ட எங்கள் தெரு மூதாட்டி, சில வாரங்கள் கழித்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்.