செக்ரோல் முதல் திறன் ஒப்பந்தம் வரை

ஜொகூர் மாநில இரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டின்போது கிராணி தொழிலாளர்களின் வருகையைச் செக்ரோலில் குறித்து வந்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரிசை. வரிசைக்குள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாத இறுதியில் அக்கட்டங்களைக் கொண்டே சம்பளம் கணக்கிடப்பட்டது. வருகை குறிக்கப்படாவிட்டால் அன்றைய கூலி கைக்கு வராது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளர் பதிவேடுகளை ஆறாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்குமாறு முதலாளிகளைப் பணிக்கிறது.

செக்ரோலின் அமைப்பை இன்று திறன் ஒப்பந்தங்களிலும் காணலாம். விதிமுறை நிறைவேறியதும் பணத்தைத் தானே செலுத்தும் கணினி நிரலே திறன் ஒப்பந்தம் ஆகும். 1990களில் நிக் சாபோ முன்வைத்த இக்கருத்தை, 2015இல் தொடங்கிய எதீரியம் பரவலாக்கியது. இதன் பதிவேட்டுப் படிகள் உலகெங்கும் பல கணினிகளில் உள்ளன. அதனால் ஒருவர் மட்டும் கணக்கை இரகசியமாகத் திருத்த இயலாது.

இந்நிரல்களை எழுத உதவும் சொலிடிட்டி மொழியில், 'மேப்பிங்' எனும் அட்டவணைக்குள் மற்றோர் அட்டவணையை அடுக்கலாம். வெளி அட்டவணையில் தொழிலாளியின் கணக்கு முகவரியும், உள் அட்டவணையில் மாதமும், அதனுள் தொகை, தேதி ஆகியவையும் இடம்பெறும். முகவரியும் மாதமும் தெரிந்தால், ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கிடையிலும் உரிய பதிவை நேரடியாக எடுக்கலாம்.

எனினும், இவ்வமைப்பில் சில சிக்கல்கள் உள்ளன. பதியப்படாத முகவரியைத் தேடினாலும் விடை பூச்சியம் என்றே வரும். சம்பளம் பெறாதவரும் பட்டியலிலேயே இல்லாதவரும் ஒன்றுபோல் தோன்றுவர். ஆகவே, 'பதிவு உண்டு' எனும் குறியையும் சேர்த்தல் வேண்டும். மேலும், மேப்பிங் தன்னிடமுள்ள முகவரிகளைப் பட்டியலிட்டுக் காட்டாது. அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும். புதிய 32 பைட் இடமொன்றில் எழுதக் குறைந்தது 20,000 'கேஸ்' அலகுகள் கட்டணமாகும். ஒரே முறையில் அனைவருக்கும் சம்பளம் அனுப்ப முயன்றால், கேஸ் வரம்பு மீறி எவருக்கும் பணம் சேராமல் போகக்கூடும். ஆகையால், ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறை பாதுகாப்பானது.

பழைய பரிவர்த்தனைகள் அழிவதில்லை என்பதால், பெயர், அடையாள அட்டை எண் போன்றவற்றை இப்பதிவேட்டில் சேர்க்கலாகாது. பிழையான தகவலும் அவ்வாறே நிலைத்துவிடும். ஐந்து கிலோ பாலை நான்கு கிலோவென எழுதினால், நிரல் நான்கு கிலோவுக்கே கூலி தரும். சரியாக நிறுப்பதும், எழுதியதைத் தொழிலாளி பார்த்து உறுதிசெய்ய இடமளிப்பதும் மனிதரின் பொறுப்பாகவே உள்ளன.