ஒரு துளியின் விலை

கல்லூரி ஆய்வகத்தில் 'சமைக்கப்படும்' ரீடிங், நாளை மருந்து பாட்டில்வரை போகலாம்

காலை பத்து மணி. கல்கத்தாவோ கான்பூரோ, பி.எஸ்ஸி. வேதியியல் ஆய்வகத்தில் காட்சி ஒன்றுதான். ஸ்டாண்டில் நிற்கும் பியூரெட்டில் அடர் ஊதா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கீழே கோனிக்கல் ஃபிளாஸ்கில், கந்தக அமிலம் சேர்த்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலம். முதல் துளிகளின் நிறம் மறையத் தயங்கும். வினையில் உருவாகும் மாங்கனீஸ் அயனியே பிறகு வினையை முடுக்கிவிடும். கடைசியில் ஒரே ஒரு துளி. கரைசல் வெளிர் ரோஜா நிறமாகி அப்படியே நிற்கும்.

மாணவி படிக்கும் அளவுகள்: 19.8, 20.3, 20.1. நோட்டில் ஏறுவது: 20.1, 20.1, 20.1. ஆய்வக பாஷையில் இதற்குப் பெயர் 'சமையல்'.

அளவறி பகுப்பாய்வு என்ற இந்தப் பாடம் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு? ஒரு பொருளில் இரும்பு இருக்கிறதா என்பதல்ல, எத்தனை கிராம் இருக்கிறது என்பது. பெர்மாங்கனேட்டை எடைபோட்டு நேராக நம்ப முடியாது. அதில் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு கலந்திருக்கும், வெளிச்சத்தில் சிதையும். அதனால்தான் லிட்டருக்கு 6.3 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைத் துல்லியமாக எடைபோட்டு, அதைக்கொண்டு பெர்மாங்கனேட்டின் வலிமையைக் கணக்கிடுகிறார்கள். முதல் எடை தவறினால் பின்னால் வரும் எல்லா எண்களும் தவறு. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி சுமார் 0.05 மி.லி. 20 மி.லி. ரீடிங்கில் அது 0.25 சதவீதப் பிழை.

இவ்வளவு நுணுக்கமான பாடத்தில் பொய் நுழைவது எப்படி? மதிப்பெண் முறை முதல் காரணம். ஆசிரியர் கையில் இருக்கும் 'சரியான' விடைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண் என்றால், அளப்பதைவிட ஊகிப்பது லாபம். மூன்று மணி நேரத்தில் இரண்டு டைட்ரேஷன், கணக்கு, ரிக்கார்டு எல்லாம் முடிய வேண்டும். ஒத்துப்போகாத ரீடிங்கை மறுபடி எடுக்கப் பொறுமையோ ரசாயனமோ மிஞ்சுவதில்லை.

ஆனால் இது வெறும் பரீட்சைக் குறும்பு அல்ல. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்ட இருமல் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசு ஆய்வகம் அதில் கண்ட டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்படுவது 0.1 சதவீதம். அளந்திருந்தால் தப்பவே முடியாத எண் இது. சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதிப்பதில்லை என்று அந்த அக்டோபரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிக்காட்டியது. இந்தச் சோதனைக்கு இன்று கேஸ் குரோமட்டோகிராஃப் இருக்கிறது. ஆனால் அந்த எந்திரத்துக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் கரைசல் தேவை. அதை எடைபோடுவதும், கிடைத்த எண்ணை அப்படியே எழுதுவதும் மனிதர்தான். அவர்களில் பலர் பி.எஸ்ஸி. ஆய்வகத்தில் பழகியவர்கள்.

இந்தப் பாடத்துக்கு இந்தியாவில் கௌரவமான பூர்வீகம் உண்டு. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் பொறுமையாக ஆராய்ந்தவற்றில் நெய்யும் கடுகு எண்ணெயும் உண்டு. கலப்படத்தைக் கண்டுபிடிக்க முதலில் சுத்தமான சரக்கின் அளவுகள் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. முடிவுகள் 1894இல் வெளிவந்தன.

மாற்று வழி கடினமல்ல. ரீடிங்கை எடுத்த கையோடு மையில் எழுதி, கணக்குப் போடும் முன்பே ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கலாம். ஒத்துப்போகாத ரீடிங்குக்குக் காரணம் எழுதினால் மதிப்பெண் தரலாம். விடை யாருக்கும் தெரியாத மாதிரிகளைக் கொடுக்கலாம். மாணவி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். ஈ.டி.டி.ஏ. சேர்க்கச் சேர்க்க ஒயின் சிவப்பு நீலமாக மாறும்போது கடினத்தன்மை தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 200 மி.கி.; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை.

அந்த எண்ணைச் சமைக்க அவளுக்கு மனம் வராது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது அவள் வீடு.