குடிசைப் பகுதிகளும் பொதுக் கக்கூஸும்

பொதுக் கக்கூஸைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவது கௌரவமாகுமா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு 1901-ம் வருஷத்துக் கல்கத்தா காங்கிரஸை நினைவூட்ட விரும்புகிறோம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகள், பிரதிநிதிகளின் விடுதியில் கக்கூஸ்கள் அசுத்தமாய்க் கிடப்பதைக் கண்டு தொண்டர்களிடம் எடுத்துச் சொன்னார். அது துப்புரவு செய்வோர் வேலை என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டனர். அடிகள் துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். கூட்டம் அதிகமாகவும் கக்கூஸ்கள் குறைவாகவும் இருந்தபடியால், ஒரு மனிதர் ஒரு முறை கூட்டித் தீரும் குறையல்ல அது என்பதையும் தமது சுயசரிதையில் அவர் குறித்திருக்கிறார்.

இன்று நம் நகரங்களின் குடிசைப் பகுதிகளில் இருப்பதும் அதே நிலைமைதான். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இப்பகுதிகளிலுள்ள நூறு குடும்பங்களில் சுமார் 66-க்கே சொந்தமாகக் கக்கூஸ் இருந்தது. சுமார் 15 குடும்பங்கள் பொதுக் கக்கூஸை நம்பியிருந்தன. சுமார் 19 குடும்பங்கள் வெட்டவெளிக்குச் சென்றன. 2014-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பின் ஏராளமான கட்டடங்கள் எழுந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆண்களில் 35 பேருக்கு ஒன்று, பெண்களில் 25 பேருக்கு ஒன்று என்று சர்க்காரே அளவும் வகுத்தனர். ஆனால் கட்டுவது ஒன்று, நடத்துவது மற்றொன்று.

பொதுக் கக்கூஸ் பாழாகும் விதம் யாவரும் அறிந்ததே. கண்டிராக்டர் கட்டி முடித்துப் பணம் பெற்றுச் செல்கிறார். திறப்பு விழா நடக்கிறது. பிறகு குழாயில் தண்ணீர் நிற்கிறது; விளக்கு எரிவதில்லை; கதவின் தாழ்ப்பாள் கழன்று போகிறது; மலத்தொட்டி நிரம்பி வழிகிறது. முறையிட வேண்டிய இடம் எது என்று அங்கே குடியிருப்போருக்குத் தெரிவதில்லை. இதன் துன்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவர்கள் பெண்களே. பகலெல்லாம் அடக்கிக்கொண்டிருந்து, இருட்டிய பின் துணை தேடிப் புறப்பட வேண்டிய கொடுமையை ஆண்களாகிய நாம் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இதற்குப் பரிகாரம் உண்டு என்பதைப் புனா நகரம் காட்டியது. 1999-ல் நகரசபைக் கமிஷனராக இருந்த ரத்னாகர் கெய்க்வாட், குடிசைவாசிகளுடன் உழைக்கும் ஸ்தாபனங்களிடமே பொதுக் கக்கூஸ்களைக் கட்டவும் பராமரிக்கவும் ஒப்படைத்தார். கட்டடச் செலவும், நிலமும், தண்ணீர் மின்சார இணைப்பும் நகரசபையின் பொறுப்பு. 2001-க்குள் 400-க்கு மேற்பட்ட கட்டடங்களில் 10,000-க்கு மேற்பட்ட இருக்கைகள் அமைந்தன. எண்ணிக்கையை விட முக்கியமானது, குடிசைவாழ் பெண்கள் அமைப்பில் புகுத்திய மாறுதல்கள். ஒரே வரிசையானால் ஆண்கள் முந்திக்கொள்வார்கள் என்று பெண்களுக்குத் தனி வரிசை வைத்தனர். பெரியவர்கள் அவசரத்தில் குழந்தைகளைத் தள்ளிவிடுவதால், குழந்தைகளுக்கென்று சிறிய கக்கூஸ்களும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் அமைத்தனர். காவல்காரர் குடும்பத்தோடு தங்க அங்கேயே ஓர் அறையும் கட்டினர்.

நமது திருச்சிராப்பள்ளியும் இவ்விஷயத்தில் பின்தங்கவில்லை. அங்கே கிராமாலயா முதலிய ஸ்தாபனங்களின் முயற்சியால், நகரசபைக் கக்கூஸ்களைக் குடிசைப் பகுதி மகளிர் குழுக்களே ஏற்று, சிறு கட்டணம் வாங்கி, கணக்கெழுதி நடத்தத் தொடங்கினர். திறந்தவெளி மலங்கழித்தலை அறவே ஒழித்த பகுதியாகக் கல்மந்தை 2002-ல் பெயர் பெற்றது.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு ஒரு ரூபாய் என்பது பத்திரிகை படிக்கும் நமக்கு அற்பமாய்த் தோன்றலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் தினம் இரு முறை சென்றால் மாதம் முந்நூறு ரூபாய் ஆகிறது. கூலிக்காரன் வீட்டில் அது அரிசிக்கு ஆகும் பணம். ஆகையால் புனாவில் செய்தது போல் குடும்பத்துக்கு மாதச் சீட்டு கொடுப்பதே நியாயமாகும்.

“பணமில்லை” என்பது நகரசபைகளின் வழக்கமான பல்லவி. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரசபை இதையே சுப்ரீம் கோர்ட்டு வரை பாடிப் பார்த்தது. கக்கூஸில்லாத ஏழைகள் சாக்கடையோரத்தை உபயோகிக்க நேர்ந்ததால் உண்டான கேட்டை நீக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டிருந்தார். 1980 ஜூலையில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, பொக்கிஷம் காலி என்னும் சமாதானம் நகரசபையின் சட்டக் கடமையிலிருந்து அதை விடுவிக்காது என்று திட்டமாகக் கூறியது. அன்று கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவாக இருந்த அந்த ஆயுதம், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152-வது பிரிவாக இருந்து வருகிறது. அதை எடுத்துப் பிரயோகிப்போர்தாம் அரிதாயிருக்கின்றனர்.

மற்றொன்றையும் சொல்லாமல் விட மாட்டோம். கக்கூஸ் பெருகினால் மலத்தொட்டியும் பெருகும். அதில் மனிதரை இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் சாவுகள் நிற்கவில்லை. 2014-ல் ஓர் உயிருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று விதித்த சுப்ரீம் கோர்ட்டு, 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்த வேண்டியதாயிற்று. ஒரு தெருவின் சுத்தத்துக்காக இன்னொரு தெருவின் பிள்ளைகள் விஷவாயுவில் மடிவதைச் சுகாதாரம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. தொட்டியை யந்திரத்தால் காலி செய்யும் ஏற்பாடு இல்லாத கக்கூஸுக்கு நகரசபை அனுமதியே தரலாகாது.

வீட்டுக்கொரு கக்கூஸ் என்பதே முடிவான லட்சியம். ஆனால் குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லாதவன், கால் நீட்டவும் இடமில்லாதவன், அதுவரை என்ன செய்வான்? பொதுக் கக்கூஸ் அவனுக்கு உயிர்நாடி. இடம், அமைப்பு, கட்டணம் ஆகியவற்றை அங்குள்ள பெண்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பராமரிப்புக்கு வருஷந்தோறும் தனித் தொகை ஒதுக்க வேண்டும்.

தேசத்தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வார்டிலுள்ள குடிசைப் பகுதிக்குச் செல்லுங்கள். எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எத்தனை குழாய்களில் தண்ணீர் வருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு நகரசபை அங்கத்தினரைப் பாருங்கள். அவர் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள்.